ஜாஸ் கேட்கத் தொடங்கிறவைக்கு எந்த இசைத்தட்டு? (குரல், பியானோ, ட்ரம்பெட், ஃபியூஷன்)

குளத்தடி (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். சனசமூக நிலையத்தில மாதத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் ஒண்டரை மணித்தியாலம் பாட்டுக் கேட்கிற கூட்டம் வைக்கிறம். இந்தமுறை ஜாஸ். வாறவை நாதஸ்வரம், தவில், பழைய சினிமாப் பாட்டு எல்லாம் கேட்டுப் பழகின காதுக்காரர். ஆனா ஜாஸ் எண்டால் சக்ஸபோன் எண்ட அளவுதான் தெரியும்.

குரல், பியானோ, ட்ரம்பெட், ஃபியூஷன் (ஜாஸோட வேற இசை கலந்தது) நாலிலயும் ரெண்டு மூண்டு தட்டுச் சொல்லுங்கோ. "கட்டாயம் கேட்கவேண்டிய நூறு" மாதிரிப் பட்டியல் வேண்டாம். எந்தப் பாட்டு, அதில எதைக் கவனிக்கிறது, ஏன் அது, இவ்வளவும் வேணும். கையில இருக்கிறது: யூஎஸ்பி குத்துற சின்ன அம்ப்ளிஃபயர் ஒண்டு, பெட்டி ஸ்பீக்கர் ரெண்டு, பழைய லப்டொப், 16 ஜிபி பென்ட்ரைவ்.

நாலுகட்டை (வவுனியா)

குரலில தொடங்குங்கோ. முதல் தட்டு 'எலா அண்ட் லூயி', 1956. எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும். பின்னுக்கு ஒஸ்கார் பீற்றர்சன் பியானோ, ஹேர்ப் எலிஸ் கிட்டார், ரே பிறவுண் டபிள் பாஸ், படி ரிச் ட்ரம்ஸ். 11 பாட்டு, எல்லாம் மெதுவான நடை. ஒரு குரல் பட்டு, மற்றது மாரி முடிஞ்ச கிரவல் றோட்டு. 'தே கான்ட் டேக் தற் அவே ஃப்ரொம் மீ' போடுங்கோ, நாலரை நிமிசம். ஒரே மெட்டை ரெண்டுபேரும் மாறிமாறிப் பாடுவினம். எலா மெட்டை மெட்டாவே பாடுவா. ஆம்ஸ்ட்ரோங் சொல்லைத் தாளத்துக்குப் பின்னால இழுத்து விழுத்துவார், சில இடத்தில மெட்டில பாதியை விட்டிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லுவார். அந்த வித்தியாசம் காதில பட்டால் ஜாஸுக்கை கால் வைச்ச மாதிரி.

ரெண்டாவது 'எலா இன் பேர்லின்', 1960 பெப்ரவரியில மேடையில பதிவானது. 'மாக் த நைஃப்' பாடேக்கை நடுவில சொல் மறந்துபோகுது. நிப்பாட்டாமல் அந்த இடத்திலயே புதுச் சொல் போட்டுப் பாடி, ஆம்ஸ்ட்ரோங் குரலையும் நக்கலடிச்சு முடிப்பா. அதே தட்டில 'ஹவ் ஹை த மூன்' இருக்கு. அதில பாடுற ஸ்கற்றைக் கற்பனாஸ்வரம் மாதிரி எண்டு சொல்லிவையுங்கோ. ஒரு திருத்தம்: ஸ்கற்றில ஸ, ரி, க எண்டு சுரத்தின்ர பேர் வராது. ஊதுகுழல் போடுற சத்தத்தை வாய் போடுது, அவ்வளவுதான்.

மூண்டாவது 'ஜோன் கோல்ட்ரேன் அண்ட் ஜோனி ஹார்ட்மன்', 1963. ஆறே பாட்டு, அரை மணித்தியாலம். ஆம்பிளைக் குரல், அடிக்குரல். பின்னேர வெயில் இறங்கேக்கை போடவேண்டியது.

பில்லி ஹொலிடேயை எல்லாரும் சொல்லுவினம். சொல்லத்தான் வேணும். ஆனா 'லேடி இன் சட்டின்' (1958) தட்டை முதல் நாளே போடாதேங்கோ. அப்ப அவவின்ர குரல் தேஞ்சு போச்சு. அவவை முன்னமே தெரிஞ்ச ஆளுக்குத்தான் அந்தத் தேய்மானம் நெஞ்சில குத்தும். தெரியாத ஆள் "ஏன் இந்த அம்மா இவ்வளவு களைச்சுப்போய்ப் பாடுறா" எண்டு கேட்பார். 1930களில ரெடி வில்சன் பியானோவோடயும் லெஸ்டர் யங் சக்ஸபோனோடயும் பாடின மூண்டு நிமிசப் பாட்டுகளில ஒண்டைப் போடுங்கோ.

பாலைமரம் (மாங்குளம்)

நாலுகட்டை அண்ணை சொன்னதோட ஒத்துப்போறன். ஆனா கூட்டத்தைக் குரலில திறக்காமல் பியானோவில திறக்கலாம். ஒஸ்கார் பீற்றர்சனின் 'நைட் ட்ரெயின்', 1963. முதல் பாட்டு 'சி ஜாம் புளூஸ்', மூண்டரை நிமிசம். டியூக் எலிங்டன் போட்ட மெட்டு. மெட்டு முழுக்க ரெண்டே சுரம்: பஞ்சமமும் மேல் ஸட்ஜமும். லப்டொப்பில ஒரு கீபோட் இருந்தால் முதல் நீங்களே ப, ஸ எண்டு தட்டிக் காட்டுங்கோ. சின்னப்பிள்ளையும் வாசிக்கும். பிறகு பீற்றர்சனைப் போடுங்கோ. அந்த ரெண்டு சுரத்தில இருந்து மனுசன் எங்கையெல்லாம் போய்த் திரும்பி வாறார் எண்டு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதுக்குக் கீழ இருக்கிறது 12 பார் புளூஸ். ஒரு பாருக்கு நாலு அடி, மொத்தம் 48 அடி ஒரு சுற்று. ஆதிதாளத்தில ஆறு ஆவர்த்தனம் எண்டு கணக்குப் பண்ணலாம். விரல்விட்டு எண்ணினால் அஞ்சாவது பாரில சுருதி ஒருக்கா மத்திமத்துக்குப் போறதும் ஒன்பதில பஞ்சமத்துக்குப் போறதும் கேட்கும். பதின்மூண்டு எண்டு எண்ணுற இடத்தில திரும்ப முதல் வீடு.

அடுத்தது பில் எவன்ஸின் 'வால்ட்ஸ் ஃபோர் டெபி'. 1961 யூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில ஒரே நாளில அஞ்சு தரம் மேடையேறி வாசிச்சதில இருந்து எடுத்தது. ஸ்கொட் லஃபாரோ பாஸ், போல் மோஷன் ட்ரம்ஸ். 'மை ஃபூலிஷ் ஹார்ட்' போடுங்கோ, அஞ்சு நிமிசம். கிளாஸ் முட்டுற சத்தம், சனம் கதைக்கிற சத்தம் எல்லாம் கேட்கும். பதிவுப் பிழை எண்டு நினைக்கவேண்டாம். இதில பாஸ் பின்னுக்கு நிண்டு தாளம் தட்டுறதில்லை, பியானோவோட சரிக்குச் சரி கதைக்குது. 11 நாள் கழிச்சு லஃபாரோ கார் விபத்தில செத்துப்போனார். அண்டைக்கு நடுவில கறண்ட் போய் ஒரு பாட்டு அறுந்துபோனதும் முழுத் தொகுப்பில அப்பிடியே இருக்கு. எங்கட ஆக்களுக்கு அதைச் சொல்லுங்கோ, கிட்ட வந்திடுவினம்.

கீத் ஜாரெட்டின் 'த கேல்ன் கொன்சேர்ட்' (1975 ஜனவரி 24) கட்டாயம் வேணும், ஆனா துண்டுதுண்டா வெட்டிப் போடக்கூடாது. மேடைக்கு வந்தது பிழையான பியானோ: சின்னன், மேல் சுரம் தகரம் மாதிரி, அடிச் சுரத்துக்குப் பலமில்லை, பெடலும் சரியில்லை. அதாலதான் மனுசன் நடுப்பகுதியிலயே நிண்டு இடக்கையால ஒரே உருவைத் திரும்பத்திரும்ப உருட்டுறார். ஏறக்குறைய முழுக்க அந்த இடத்திலயே கற்பனையா வாசிச்சது. இடையில முனகிற சத்தம் வாசிக்கிறவரின்ர வாய். ஸ்பீக்கரைத் திட்டவேண்டாம்.

தகதகிட (முல்லைத்தீவு)

பியானோ எண்டால் டேவ் புறூபெக்கின் 'டைம் அவுட்' (1959) எங்கை? தவில் கேட்டு வளந்த சனத்துக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

'டேக் ஃபைவ்' அஞ்சடித் தாளம். ஒண்டைக் கவனியுங்கோ: எங்கட கண்டசாபு 'தக தகிட', ரெண்டும் மூண்டும். இது 'தகிட தக', மூண்டும் ரெண்டும். பழக்கத்தில ரெண்டில தொடங்கித் தட்டினால் கை ஒவ்வொரு சுற்றிலயும் பியானோவுக்குக் குறுக்க விழும், "தாளம் பிசகுது" எண்டு சொல்லுவினம். தொடக்கத்தில, சக்ஸபோன் வர முதல் பியானோ ஓடுற இடத்தில மூண்டில தொடங்கித் தட்டிக் காட்டுங்கோ, பிறகு பிடிபடும். மெட்டு சக்ஸபோன்காரர் போல் டெஸ்மண்ட் போட்டது. நடுவில வாறது ஜோ மொறெல்லோவின் ட்ரம்ஸ் தனி. பியானோ விடாமல் அந்த அஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். தனி ஆவர்த்தனத்தில ஆரோ ஒருத்தர் கையால தாளம் போட்டுக் காட்டுவார் தானே, அந்த வேலை.

'புளூ றொண்டோ அ லா டேர்க்' இன்னும் நல்லது. 'தக தக தக தகிட', ஒன்பது. அப்பிடி மூண்டு தரம், நாலாவது தரம் 'தகிட தகிட தகிட'. மொத்தம் 36. பிறகு தனி வாசிக்கிற இடத்தில சாதாரண நாலடிக்கு மாறும், இடையில ரெண்டையும் மாத்திமாத்திப் போடுவினம். தவில்காரர் ஆரும் வந்திருந்தால் இதைப் போட்டிட்டு நீங்கள் பேசாமல் இருங்கோ.

மற்றது, நாலடிப் பாட்டுக்கு எங்கட சனம் ஒண்டிலயும் மூண்டிலயும் கை தட்டும். ஜாஸில ட்ரம்ஸ்காரர் இடக்காலால சிங்கியை மூடுற இடம் ரெண்டும் நாலும். கை அங்கை விழவேணும். இல்லாட்டி நடை ஆட்டம் குறைஞ்சு பட்டாளம் நடக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு உபரித் தகவல்: புறூபெக் குழு 1958இல அமெரிக்க அரசாங்கச் சுற்றுலாவில இலங்கைக்கும் வந்தது. எலிங்டன் 1963இல வந்தார். எலிங்டன் அந்தப் பயணத்துக்குப் பிறகு செய்த 'த ஃபார் ஈஸ்ட் சூட்' (1967) தட்டில 'புளூபேர்ட் ஒஃப் டெல்லி' எண்டு ஒரு பாட்டு. அதில கிளாரினெட் போடுறது ஒரு மைனாவின்ர சத்தம்.

வயர்க்காரன் (கிளிநொச்சி)

தட்டு எதெண்டு பேசுறதுக்கு முதல் சத்தம் எப்பிடி வரப்போகுது எண்டு பாருங்கோ தம்பி. முக்கியமா மூண்டு.

டபிள் பாஸின்ர ஆக அடித் தந்தி 41 ஹேர்ட்ஸ். போன் ஸ்பீக்கரிலயும் கைக்குள்ள அடங்கிற புளூடூத் பெட்டியிலயும் அது வராது, மேல் ஓசைதான் வரும். கோயில் குழாய் ஸ்பீக்கரில பாஸ் சுத்தமாவே இல்லை. நாதஸ்வரத்துக்கு அது தோது, ஜாஸுக்கு வேண்டாம். பாஸ் கேட்காவிட்டால் மிச்ச மூண்டுபேரும் ஏன் அப்பிடி வாசிக்கினம் எண்டே விளங்காது. பெட்டி ஸ்பீக்கரை மேசையில வையாமல் சுவருக்குக் கிட்ட, ஒரு சாண் இடைவெளி விட்டு, காது உயரத்துக்கு வையுங்கோ. சுவர் அடிச்சத்தத்தைக் கொஞ்சம் தூக்கித் தரும். மூலைக்குள்ள தள்ளினால் கூடிப்போய்க் குடம் மாதிரி முழங்கும்.

லப்டொப்பில இருந்து அம்ப்ளிஃபயருக்குப் போற வயரில நுனியைப் பாருங்கோ. ரெண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, ஒண்டு எண்டால் மோனோ. மோனோ நுனியைக் குத்தினால் வலப்பக்கச் சத்தம் செத்துப்போகும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ'வில சக்ஸபோன்காரர் ரெண்டுபேரில கோல்ட்ரேன் இடப்பக்கம், கனன்போல் அடர்லி வலப்பக்கம், ட்ரம்பெட் ஊதுற மைல்ஸ் நடுவில. அதால அந்தத் தட்டே ஒரு சோதனைக் கருவி. கனன்போலைக் காணேல்லை எண்டால் நுனி மோனோ. மைல்ஸைக் காணேல்லை, ரெண்டு சக்ஸபோனும் மட்டும் தூரத்தில கேட்குது எண்டால் வயரின்ர ஏர்த் அறுந்திருக்கு. நடுவில இருக்கிற சத்தம் எல்லாம் ஒண்டையொண்டு வெட்டிப் போடும். வயரை மாத்துங்கோ, அம்ப்ளிஃபயரைக் கழட்டாதேங்கோ. ஒரு காதில மட்டும் இயர்ஃபோன் போட்டுக் கேட்கிற ஆக்களுக்கும் இதே பிரச்சினைதான், பாதிக் குழு இல்லை.

மூண்டாவது கோப்பு. மாதக் காசு கட்டிற செயலிகளில 'ஓஃப்லைன்' எண்டு இறக்கினது பென்ட்ரைவுக்கு வராது, பூட்டிய கோப்பு. ஒண்டில் காசு குடுத்து எம்பித்ரீ வாங்கவேணும், இல்லாட்டி சீடியில இருந்து எடுக்கவேணும், இல்லாட்டிப் போனையே வயரில குத்தவேணும். எம்பித்ரீ 320இல 45 நிமிசத் தட்டு ஏறக்குறைய 108 எம்பி. 128இல 43 எம்பி. டேட்டா மிச்சம் பிடிக்க 128 எடுத்தால் சிங்கிச் சத்தம் தண்ணிக்குள்ள நனைஞ்ச மாதிரி வரும். பாட்டுக்கு அது பெரிசாத் தெரியாது, ட்ரம்ஸ் தூரிகையால உரசிற இடத்தில வடிவாத் தெரியும். 16 ஜிபிக்கு 320இல நூறு தட்டுக்கு மேல கொள்ளும், பிறகு ஏன் கஞ்சத்தனம்.

மூண்டுவால்வு (அடம்பன்)

ட்ரம்பெட் என்ர பக்கம். சேர்ச் பாண்டும் பள்ளிக்கூட பாண்டும் கேட்ட காதுக்கு இது அந்நியம் இல்லை, ஊதுற விதம்தான் வேற.

முதல் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்', லூயி ஆம்ஸ்ட்ரோங், 1928 யூன். மூண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல. தொடக்கத்தில துணை ஒண்டும் இல்லாமல் ட்ரம்பெட் தனியா ஒரு பத்துப் பதின்மூண்டு செக்கன் ஊதும். ஆலாபனை எண்டு ஒரு சொல்லில சொல்லிவிடுங்கோ. கடைசிப் பகுதியில ஒரே சுரத்தை நாலு பாருக்கு நீட்டிப் பிடிச்சிட்டு உடைப்பார். கீறல் சத்தம் இருக்கத்தான் செய்யும். சத்தத்தைத் துடைச்சுச் சுத்தமாக்கினது எண்டு போட்டிருக்கிற பதிப்புகளில கீறலோட சேத்து ட்ரம்பெட்டின்ர ஒளியும் துடைபட்டிருக்கும். கீறலோட இருக்கிறதை எடுத்து, அம்ப்ளிஃபயரில மேல்சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ.

ரெண்டாவது கிளிஃபர்ட் பிறவுண். 'ஸ்டடி இன் பிறவுண்' (1955). ஒவ்வொரு சுரமும் முத்து முத்தா, எவ்வளவு வேகத்திலயும் நாக்குத் தடக்காது. பழகிற பிள்ளையளுக்கு மைல்ஸைவிட இவர்தான் நல்ல வாத்தியார். 1956இல 25 வயதில விபத்தில போயிட்டார். குரலும் ட்ரம்பெட்டும் சேந்து வேணுமெண்டால் 1954இல இவர் சேரா வோகனோட செய்த தட்டை எடுங்கோ, 'லலபை ஒஃப் பேர்ட்லண்ட்' அதில முதல் பாட்டு.

மூண்டாவது மைல்ஸ் டேவிஸ், 'கைண்ட் ஒஃப் புளூ', 1959. மார்ச் 2, ஏப்ரல் 22 ரெண்டு நாளில பதிவு. இதில ஒரு பொறி இருக்கு. மார்ச்சில பதிஞ்ச மூண்டு பாட்டுக்கும், அதாவது முதல் பக்கம் முழுக்க, அண்டைக்கு பதிவு நாடா (ரேப்) மெஷின் மெதுவா ஓடினது. அதைச் சரியான வேகத்தில போடேக்கை சுருதி கால் சுரத்துக்குக் கிட்ட மேல நிக்கும். 1992க்குப் பிறகு வந்த பதிப்புகளில்தான், ரெண்டாவது மெஷினில இருந்த ரேப்பை வைச்சுத் திருத்தினவை. சும்மா கேட்கிற ஆளுக்கு வித்தியாசம் இல்லை. ஆனா 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' பி ஃபிளாட் சுருதியில வாற புளூஸ், ட்ரம்பெட்காரர் தன்ர குழலில அதை சி எண்டுதான் சொல்லுவார். பிள்ளையளுக்கு இதைவிட லேசான பாட்டு இல்லை எண்டு கூட ஊதவிட்டால், பழைய பதிப்பில சுருதி சேராது. பிள்ளை குழலைத் தள்ளித்தள்ளி இழுத்துக் களைச்சுப்போகும். குறை பிள்ளையில இல்லை, கோப்பில.

மைல்ஸின்ர அந்த ஒடுங்கின சத்தம் ஹார்மன் மியூட். அலுமினியக் கிண்ணம், சுற்றிவர முழுக் கோர்க், காத்து முழுக்க கிண்ணத்துக்குள்ளாலதான் வரும். நடுவில இருக்கிற குழாயைக் கழட்டிப்போட்டு ஊதினவர். கோர்க்கில வாயால ஆவி ஊதி, பெல்லுக்குள்ள (ட்ரம்பெட்டின்ர விரிஞ்ச வாய்) வைச்சு லேசாத் திருப்பினால்தான் நிக்கும், இல்லாட்டி நடுப்பாட்டில நிலத்தில விழும். மியூட் போட்டவுடன சுருதி ஏறும், டியூனிங் ஸ்லைட்டைக் கொஞ்சம் வெளியால இழுக்கவேணும். சத்தம் சின்னன் எண்டபடியால் மைக்கை நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுபோகவேணும். 'புளூ இன் கிரீன்' கேட்டால் அந்தச் சத்தம் தெரியும்.

செற் பேக்கரை ஆரும் சொல்ல முதல் சொல்லிவிடுறன். 'செற் பேக்கர் சிங்ஸ்' நல்ல தட்டு. ஆனா 1960களில ஜோ பாஸின்ர கிட்டாரை மேல ஒட்டி ஸ்டீரியோவாக்கின பதிப்பு ஒண்டும் சுத்தித் திரியுது. மோனோவை எடுங்கோ.

பாலைமரம் (மாங்குளம்)

'கைண்ட் ஒஃப் புளூ'வின்ர முதல் பாட்டு 'சோ வட்' பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, நான் சொல்லுறன். தொடக்கத்தில பியானோவும் பாஸும் தாளம் இல்லாமல் தேடித் திரியும். பிறகு பாஸ் ஒரு கேள்வி கேட்கும், குழல்கள் ரெண்டே சத்தத்தில "சோ வட்" எண்டு பதில் சொல்லும். 32 பார் ஒரு சுற்று. முதல் 16 பார் டி டோரியன், 8 பார் ஈ ஃபிளாட் டோரியன், திரும்ப 8 பார் டி. டோரியன் எண்டால் எங்கட கரகரப்பிரியா, அதே ஏழு சுரம். கீபோட்டில டி இல இருந்து வெள்ளைக் கட்டையளை மட்டும் தட்டிப் பாருங்கோ. 17ஆவது பாரில இராகம் மாறேல்லை, ஆதார சுருதியே அரைச் சுரம் மேல ஏறுது. தம்புரா வைச்சுப் பாடிற எங்கட முறையில அது நடக்கவே நடக்காது. அந்த ஏத்தத்தில சபையில ஒருத்தர் ரெண்டுபேரின்ர தலை நிமிரும், பாத்துக்கொள்ளுங்கோ.

தனி வாசிக்கிற ஒழுங்கு: மைல்ஸ், கோல்ட்ரேன், கனன்போல், பில் எவன்ஸ். கோல்ட்ரேனும் கனன்போலும் ஒரே கரகரப்பிரியாவில அடுத்தடுத்து நிக்கினம். ஒருத்தர் கிணறு வெட்டிறார், மற்றவர் ஊஞ்சல் ஆடுறார்.

செண்பகம் (புதுக்குடியிருப்பு)

ஃபியூஷனுக்கு எல்லாரும் அமெரிக்காவில இருந்து தொடங்குவினம். எங்கட சபைக்கு 'ஷக்தி வித் ஜோன் மக்லோக்ளின்' (1976) இல தொடங்குங்கோ. மக்லோக்ளின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஸாகிர் ஹுசைன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். சங்கரின்ர தகப்பன் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில சங்கீதம் படிப்பிச்சவர், பிள்ளையளின்ர சின்ன வயசு அங்கைதான் கழிஞ்சது. மூண்டே பாட்டு. 'ஜோய்' 18 நிமிசம், ஆக வேகம். சபைக்கு 'லோட்டஸ் ஃபீற்' போதும், அஞ்சு நிமிசத்துக்குள்ள. அந்தக் கிட்டாரில தந்திக் கட்டைகளுக்கு நடுவில பலகையைக் குடைஞ்சிருக்கு. தந்தியை அழுத்தி வீணை மாதிரிக் கமகம் எடுக்கலாம். குறுக்காக, தொடாமலே கூட அதிருற துணைத் தந்தி ஏழு.

பாலைமரம் (மாங்குளம்)

அக்கா, கோவிக்காதேங்கோ. ஷக்தி அருமையான தட்டு, ஆனா அதில ஜாஸ் எங்கை? அந்தத் தட்டைப் போட்டால் சனம் "உது எங்கட கச்சேரி தானே" எண்டு சொல்லிச் சந்தோசப்பட்டிட்டுப் போகும். புதுசா ஒண்டும் கேட்டிருக்காது. ஃபியூஷன் எண்டால் ஹேர்பி ஹான்கொக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்'.

செண்பகம் (புதுக்குடியிருப்பு)

தனி வாசிப்பைக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ தம்பி. கிட்டாரும் வயலினும் கேள்வி பதிலா நாலு, ரெண்டு, ஒண்டு எண்டு குறைச்சுக்கொண்டு வாறது தனி ஆவர்த்தனத்திலயும் இருக்கு, ஜாஸ் மேடையிலயும் இருக்கு. பேர் எதுவாயும் இருக்கட்டும். சரி, ஜாஸ் கூடின ஒண்டு வேணுமெண்டால் 'கின்ஸ்மென்' (2008). ருத்ரேஷ் மஹந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும், ரெண்டுபேரும் ஆல்ட்டோ சக்ஸபோன். 'டூயட்' படத்தில சக்ஸபோன் வாசிச்சவர் எண்டு சொன்னால் கோபால்நாத்தை எல்லாருக்கும் தெரியும். ஒரே வாத்தியம்: ஒரு ஆள் சுரத்தை வளைக்கிறார், மற்ற ஆள் சுரத்தை உடைக்கிறார். இதைவிடச் சுகமா ஜாஸ் எது, எங்கட முறை எது எண்டு காட்ட ஏலாது. நாதஸ்வரக்காரர் வந்தால் சார்லி மரியானோவைச் சொல்லுங்கோ. அமெரிக்க சக்ஸபோன்காரர், நாதஸ்வரமே படிச்சவர். 'ஜோதி' (1983) எண்ட தட்டில ஆர். ஏ. ரமாமணி பாடுறா.

அலிஸ் கோல்ட்ரேனின் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா' (1971) தட்டும் இங்கைதான் வரும். பேரில இருக்கிற சுவாமி எங்கட கண்டியில தபோவனம் வைச்சிருந்தவர். தம்புராச் சுருதிக்கு மேல ஹார்ப், அதுக்கு மேல ஃபாரோ சாண்டர்ஸின் சக்ஸபோன்.

தகதகிட (முல்லைத்தீவு)

ரெண்டுபேரும் சரி. ஆனா பாலைமரம், 'ஹெட் ஹன்டர்ஸ்' (1973) வயர்க்காரன் அண்ணை சொன்ன ஸ்பீக்கர் சரியா வந்தால் மட்டும். 'கமீலியன்' 15 நிமிசம் 41 செக்கன். தொடக்கத்தில வாற அந்த அடிவரி பாஸ் கிட்டார் இல்லை, ஹேர்பி ஹான்கொக் சின்தசைசரில வாசிக்கிறது. அந்த வரி நெஞ்சில இடிக்காட்டி மிச்சம் 15 நிமிசமும் அலுப்பு. சின்னப் பெட்டி எண்டால் அதே தட்டில 'வோட்டர்மெலன் மான்' போடுங்கோ. தொடக்கத்தில விசில் மாதிரிக் கேட்கிறது பில் சம்மர்ஸ் பியர் போத்திலுக்கு வாய் வைச்சு ஊதுறது. இளந்தாரியள் அங்கையே சிரிச்சு உள்ள வந்திடுவினம்.

வெதர் றிப்போட்டின் 'ஹெவி வெதர்' (1977) மறக்கவேண்டாம். 'பேர்ட்லண்ட்' தொடக்கத்தில கிட்டார் மாதிரிக் கேட்கிறது ஜாகோ பஸ்டோரியஸின் பாஸ். தந்தியைத் தொட்டும் தொடாமலும் மேல் ஓசையை எடுக்கிறார். மஹாவிஷ்ணு ஒர்கெஸ்ட்ராவின் 'பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்' (1973) 18 அடி, எண்ணுறவைக்கு விருந்து, மற்றவைக்குத் தலையிடி.

மைல்ஸின் 'பிச்சஸ் புறூ' (1970) முதல் நாள் வேண்டாம், கதிரை காலியாகும். அதுக்குப் பதிலா 'இன் எ சைலன்ட் வே' (1969). ரெண்டாம் பக்கத்தில தொடக்கப் பகுதி கடைசியில அச்சுப் பிசகாமல் திரும்ப வரும். கோப்புக் கெட்டுப்போகேல்லை. தயாரிப்பாளர் டியோ மசேரோ ரேப்பை வெட்டி ஒட்டினது.

நாலுகட்டை (வவுனியா)

பியானோவில ஒரு ஆள் விடுபட்டுப்போச்சு. விஜய் ஐயர், அமெரிக்காவில பிறந்த தமிழ்ப் பிள்ளை. 'ஹிஸ்டோரிசிட்டி' (2009), மூண்டுபேர் குழு. அதில ஈழத்துத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.யின் 'கலாங்' பாட்டை வாசிக்கினம். எம்.ஐ.ஏ. ஆரெண்டு அங்கை ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: தேடேக்கை "ஆறுதல் ஜாஸ், பத்து மணித்தியாலம்", "மழைநாள் கோப்பிக்கடை ஜாஸ்" எண்டு கனக்க வரும். பாஸ் ஆர், ட்ரம்ஸ் ஆர் எண்டு பேர் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. பேர் இல்லாட்டி விடுங்கோ. மற்றது, சீடிப் பதிப்புகளில உபரியா அதே பாட்டை ரெண்டாம் மூண்டாம் தரம் வாசிச்சதைப் பக்கத்தில பக்கத்தில போட்டிருப்பினம். சபையில அது "பாட்டுச் சிக்கிப்போச்சு" எண்டு கேட்கும். அதுகளைக் கழிச்சுப்போட்டு ஏத்துங்கோ.

குளத்தடி (கிளிநொச்சி)

எல்லாருக்கும் பெரிய நன்றி. இப்ப நிக்கிற ஒழுங்கு: சி ஜாம் புளூஸ், எலாவும் லூயியும், மாக் த நைஃப், வெஸ்ட் எண்ட் புளூஸ், சோ வட், மை ஃபூலிஷ் ஹார்ட், டேக் ஃபைவ், லோட்டஸ் ஃபீற், கமீலியன். கூட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள, மிச்சம் கதைக்க. பாலைமரமும் செண்பகம் அக்காவும் ஆளுக்கொண்டு வெண்டிருக்கிறியள்.

ஒரு சிக்கல். லப்டொப்பில ஒழுங்காத்தான் நிக்குது, பென்ட்ரைவை அம்ப்ளிஃபயரில குத்தினால் கமீலியன் முதல்ல வருது, பிறகு எலா. ஷஃபிள் ஓஃப்பில இருக்கு.

வயர்க்காரன் (கிளிநொச்சி)

உந்த மாதிரி மலிவு அம்ப்ளிஃபயர் பேரைப் பாக்காது, எது முதல் கொப்பி ஆனதோ அதை முதல் போடும். பென்ட்ரைவைத் துப்புரவா ஃபோர்மட் பண்ணுங்கோ, எஃப்ஏரி32. கோப்புப் பேருக்கு முன்னால 01, 02 எண்டு போடுங்கோ. பிறகு எல்லாத்தையும் ஒண்டாத் தெரிவுசெய்து இழுக்காமல், 01ஐ இழுத்து முடிய 02, அது முடிய 03 எண்டு ஒவ்வொண்டாக் கொப்பி பண்ணுங்கோ. ஒன்பது பாட்டுத்தானே, அஞ்சு நிமிச வேலை. சோ வட் திருத்தின பதிப்போ எண்டு பாத்திட்டு ஏத்துங்கோ.

சத்தமும் ஒரே அளவில வராது. வெஸ்ட் எண்ட் புளூஸுக்குத் திருகியைக் கூட்டவேண்டி வரும், கமீலியனுக்குக் குறைக்கவேண்டி வரும். முதல் நாளே ஒருக்காப் போட்டுப் பாத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் திருகி நிக்கிற இடத்தைக் கடதாசியில எழுதி அம்ப்ளிஃபயருக்கு மேல ஒட்டிவிடுங்கோ.